எந்தச் சபை என்று கேட்கக் கூடாது

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சட்டைப் பெரியவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று தனிஸ்லாஸுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் எந்தச் சபை என்று கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே தனிஸ்லாஸ்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சட்டம் போட்டதிலும் நியாயம் இருந்தது. முதல் கூட்டத்தில் சும்மா அறிமுகம் என்றுதான் ஆரம்பித்தார்கள்.

"நாங்க ஆதியிலேருந்து இருக்கிற சபை," என்றார் கத்தோலிக்கக் கோவில் ஃபாதர் ஜோசப் ஆனந்த்.

"அப்ப நாங்க பாதியில வந்து ஒட்டிக்கிட்டவங்களா?" என்றார் சி.எஸ்.ஐ. ஆயர் ஞானமுத்து.

"ஆதி, பாதி எல்லாம் இருக்கட்டும். ஆவியானவர் யாருகிட்ட இருக்காரு, அதைச் சொல்லுங்க," என்றார் பெந்தெகொஸ்தே பாஸ்டர் கலியபெருமாள்.

மூன்று பேரும் கூட்டி வந்திருந்த ஆட்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போதுதான் தனிஸ்லாஸ் நடுவில் புகுந்து கையைத் தூக்கினார். "இனிமே இங்க யாரும் யாரையும் எந்தச் சபைன்னு கேக்கக் கூடாது. சொல்லவும் கூடாது. வர்றவங்க எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. அவ்ளோதான்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அந்தக் களேபரத்தில் எப்போதோதான் பெரியவர் உள்ளே வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அவர் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

தனிஸ்லாஸ் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பகல் ஷிஃப்ட்டுக்காரனும் ராத்திரி ஷிஃப்ட்டுக்காரனும் ஒரே லாக்கருக்காக அடித்துக்கொள்ளும்போது சமாதானம் செய்தே பழகியவர். 'ரெண்டு ஷிஃப்ட்டைப் பாத்தவனுக்கு மூணு சபை என்ன பெருசு' என்று இதில் காலை விட்டார். விட்ட பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. ஷிஃப்ட்டுக்காரன் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போய்விடுவான். இவர்கள் சில நூறு வருஷமாகப் போகாமல் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

விட்ட காலை எடுக்கவும் முடியாது. மகள் ஜூலி கட்டிக்கொள்ள ஆசைப்படுவது ஆயர் ஞானமுத்துவின் மகன் கிதியோனை. பையன் தங்கம்தான். தாலி எந்தக் கோவிலில் ஏறுவது என்பதுதான் சிக்கல். 'பூசையோடதான் கல்யாணம்' என்று தனிஸ்லாஸின் மனைவி ரோசா ஒற்றைக் காலில் நின்றாள். 'ஆயர் வீட்டுக் கல்யாணம் ஆயரோட ஆலயத்துல நடக்கலன்னா ஊர் சிரிக்கும்' என்றார் ஆயர். ஆயரம்மாவோ வெள்ளிக்கிழமைதோறும் பாஸ்டர் கலியபெருமாளின் உபவாச ஜெபத்துக்குப் போகிறவர். பாஸ்டர் தலையாட்டாமல் ஒரு முகூர்த்தப் புடவைகூட எடுக்கமாட்டார்.

கடைசியில் ஃபாதரும் ஆயரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜனவரியில் வரும் கிறிஸ்தவ ஒற்றுமை வாரத்தில் மூன்று சபையும் சேர்ந்து ஒரு ஜெபக் கூட்டம் நடத்துவது. அது சண்டையில்லாமல் முடிந்தால் இரண்டு பேரும் ஒரே பீடத்தில் நின்று கல்யாணத்தை ஆசீர்வதிப்பது. சண்டையில் முடிந்தால் பெண் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம்.

"எல்லாம் உங்க கையிலதான்ப்பா இருக்கு," என்று ஜூலி சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஒரே மகள்.

ஆயத்தக் கூட்டங்களுக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஃபாதர் பங்களா என்றால் ஆயருக்கு ஆகாது. ஆயர் பங்களா என்றால் பாஸ்டருக்கு ஆகாது. பாஸ்டரின் தகரக் கொட்டகை என்றால் ஃபாதருக்குத் தலைவலி வந்துவிடும். ஊரில் எந்தச் சபையும் உரிமை கொண்டாடாத கிறிஸ்தவ வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மிசியே அந்துவானின் பூட்டிய வீடு.

மிசியே அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்; மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. வெகுகாலம் பிரான்சில் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் வந்து, வெளியே முகம் காட்டாமல், யாரோடும் அதிகம் பழகாமல் அந்த வீட்டில் இருந்தார். செத்த பிறகும் இருக்கிறார் என்பது தெருவின் அபிப்பிராயம். அதனால்தான் அந்த வீட்டுக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. பாரீசில் இருக்கும் அவர் மகன், "ஜெபத்துக்குன்னா தாராளமா எடுத்துக்கங்க," என்று போனில் சொல்லிவிட்டான்.

வீட்டைக் கூட்டிப் பெருக்கும் தையல்நாயகிதான் சாவியைக் கொடுத்தாள். "சார், வெளக்கு வெக்கிறதுக்குள்ள கெளம்பிடுங்க. நான் காலையில பெருக்கறதோட சரி. அதுக்கு மேல அந்த வாசலை மிதிக்கமாட்டேன்."

கூடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவுகள். உத்தரத்தில் வௌவால். சுவரில் தேக்குச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று, முகம் தெரியாத அளவுக்குத் தூசி அப்பிக் கிடந்தது. 'உருவத்துக்கு முன்னாடி நாங்க ஜெபம் பண்றதில்ல' என்று முதல் நாளே பாஸ்டர் தன் ஆட்களை விட்டு அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தார். வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளோடு, வீட்டில் இருந்த பிரம்பு சாய்வு நாற்காலியும் கடைசி வரிசையில் கிடந்தது. பிரம்பு இற்றுப்போயிருக்கும் என்று யாரும் அதில் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்து நாற்காலிதான் பெரியவரின் இடம்.

வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை பேண்ட், ஒட்டக் கத்தரித்த வெள்ளைத் தாடி. ஜெபம் நடக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொள்வார். உதடு லேசாக அசையும், சத்தம் வராது. தலை மட்டும் எதையோ உற்றுக் கேட்பவர்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். யாரோடும் பேசமாட்டார்.

பேசினால்தான் வம்பு.

இரண்டாவது கூட்டத்தில் மெழுகுவர்த்தியால் சண்டை வந்தது. மெழுகுவர்த்தி இல்லாமல் ஜெபமா என்றார் ஃபாதர். பகல் வெளிச்சத்தில் மெழுகுவர்த்தி எதுக்கு, யாருக்குக் கண் தெரியலை என்றார் பாஸ்டர். குரல்கள் ஏறின. அப்போது கடைசி வரிசையிலிருந்து பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப கரண்ட் போயிடும். கதவும் சாத்திக்கும். வெளிச்சத்துக்கு ஏத்தினா யாருக்கும் பாவமில்ல. ஃபினி."

சொல்லி வாய் மூடவில்லை, காற்றடித்துக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. கரண்ட் போனது. கும்மிருட்டில் முதலில், "அந்த மெழுகுவத்தியைக் கொளுத்துங்கய்யா!" என்று கத்தியது பாஸ்டர்தான்.

அடுத்த வாரம் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எங்கே நிறுத்துவது என்று சண்டை. கத்தோலிக்கர் 'தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்' என்றதும் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று இன்னும் ஒரு வரி போவார்கள். ஒத்திகையில் இவர்கள் உட்கார, அவர்கள் நிற்க, கூடம் பாதி மடங்கிய கட்டில்மாதிரி ஆகிவிட்டது.

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "பந்தியில முதல்ல சாப்ட்டு முடிச்சவங்க, மத்தவங்க இலையை மூடற வரைக்கும் உக்காந்திருக்கிறதில்லையா? அதுமாதிரி நின்னா போச்சு. ஃபினி."

கத்தோலிக்கர் மறுபடி எழுந்து நின்றார்கள்.

பாட்டுக்கு டிரம் செட்டா, ஹார்மோனியமா என்று கிளம்பியபோது, "ஹார்மோனியத்துல எலி குட்டி போட்டிருக்குது. கையைத் தட்டிப் பாடுங்க. ஃபினி," என்றார். அந்த வீட்டு ஹார்மோனியம் உள்ளறையில் பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்து பெட்டியைத் தூக்கினால், சிவப்பாகக் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். தனிஸ்லாஸ் பெட்டியைப் பழையபடி வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

இருந்தாலும் மனசு நன்றி சொன்னது. இந்த மனுஷர் இல்லையென்றால் ஜூலி கல்யாணம் என்றைக்கோ முறிந்திருக்கும். ஜெபக் கூட்ட நோட்டீஸில் அவர் பேரையும் போட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

பெரியவர் பேரை முதலில் ஃபாதரிடம் கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? ஆயரோட ஆளாச்சே," என்றார் ஃபாதர். "பேச்சுல ஒரு அளவு இருக்குது பாரு, அது சி.எஸ்.ஐ. வளர்ப்பு."

ஆயரிடம் போனார். "வெள்ளையும் சொள்ளையுமா, கையை ஏந்திக்கிட்டு ஜெபம் பண்றாரு. பாஸ்டரோட ஆளு, பாத்தாலே தெரியலையா?"

பாஸ்டரிடம் போனார். "என்னா பிரதர் வெளையாடறீங்க? அந்தத் தாடியைப் பாருங்க. பழைய வெள்ளைக்காரச் சாமியாருங்க வெச்ச தாடி. உங்க ஃபாதர் கூட்டியாந்தவருதான்!"

தனிஸ்லாஸ் ஸ்கூட்டரை வாய்க்கால் ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். ஃபாதருக்கு அவர் ஆயரின் ஆள். ஆயருக்குப் பாஸ்டரின் ஆள். பாஸ்டருக்கு ஃபாதரின் ஆள். அப்படியென்றால் அவர் யாருடைய ஆளும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஒன்று, பெரியவர் எப்போது போகிறார் என்பதை யாரும் பார்த்ததில்லை. பொழுது சாயும், திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும். இரண்டாவது, காபி. ரோசா ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்பும் காபியை தனிஸ்லாஸே ஊற்றிக் கொடுப்பார். பெரியவர் வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் பக்கத்துப் பிரம்பு நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிடுவார். கூட்டம் முடிந்து கப்பை எடுத்தால் அது காலியாக இருக்கும்.

சமாதானமாகக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வழி செய்தார். கோவிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து, அடுத்த கூட்டத்தில் கால் தடுக்கியதுபோல நடித்து, பாட்டிலோடு பெரியவர்மேல் கவிழ்த்தார். பேயாக இருந்தால் அலறும் என்பது கணக்கு.

பெரியவர் அலறவில்லை. கைக்குட்டையால் தாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்க மேல படலையே?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் தனிஸ்லாஸ்.

பெரியவர் தன்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பக்கத்துப் பிரம்பு நாற்காலியைப் பார்த்துத்தான் கேட்டார் என்பது பிறகுதான் தனிஸ்லாஸுக்குத் தோன்றியது. அவர் மனசு மேலும் கெட்டது.

மறுநாள் காலை, சாவி கொடுக்கிற சாக்கில் தையல்நாயகியைப் பிடித்தார்.

"உங்க மிசியே எப்படிப்பட்ட மனுஷர் தையலு?"

"அது தங்கமான மனுஷன் சார். அதிகம் பேசாது. காபின்னா உசிரு. எதையாவது சொல்லி முடிச்சா கடைசில 'ஃபினி'ன்னும். அதுக்கு மேல பேச்சுக் கெடையாதுன்னு அர்த்தம்."

தனிஸ்லாஸ் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம் சார்," என்று அவள் தொடர்ந்தாள். "அது கத்தோலிக்கு, சம்சாரம் ஆயர் சபை. செத்தப்புறம் ரெண்டு பேரையும் ஒரே கல்லறையிலதான் வெச்சாங்க. கல்லுல என்னா வாசகம் வெட்டறதுன்னு ரெண்டு பக்கமும் சண்டை. முடியவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் மொட்டைக் கல்லு. பேரில்லாம படுத்திருக்குது மனுஷன். அதான் சாந்தியில்லாம சுத்துதுன்னு சொல்றாங்க."

அவளிடம் கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த கூட்டத்தன்று கதவோரம் ஒளிந்துநின்று, பொழுது சாயும் நேரத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிய பெரியவரைப் பின்தொடர்ந்தார். வயசுக்குப் பொருந்தாத வேகம். தெரு திரும்பியது. பெரியவர் நேராகக் கல்லறைத் தோட்டத்துச் சந்துக்குள் போனார். மதில் முனையில் மறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து மதிலுக்கு அப்பாலிருந்து கல்லில் உளி விழும் சத்தம் வந்தது. டொக், டொக், டொக்.

தனிஸ்லாஸ் வந்த வழியே ஓடினார். ஸ்கூட்டரை எடுக்க மறந்து வீடுவரை ஓடினார்.

வீட்டுக்கு வந்து ரோசாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "யாருகிட்டயும் சொல்லிடாதே," என்றுதான் சொன்னார். ரோசா ஒருத்தரிடம்தான் சொன்னாள். அந்த ஒருத்தர் ஆயரம்மாவாக இருந்துவிட்டார்.

ஆயரம்மா போனிலேயே கத்தினார். "பேய் உக்கார்ற கமிட்டியில முடிவான கல்யாணம் எங்க வீட்டுக்கு வேணாம். இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அது யாருன்னு தெரியணும். இல்லன்னா கிதியோனுக்கு வேற எடம் பாத்துக்குவோம்."

ஜூலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. 'மூணு சபையை ஒண்ணாக்கப் போறேன்னு கெளம்பி, ஒத்தைப் பொண்ணைக் கரையேத்த முடியலையே' என்று தனிஸ்லாஸ் நொந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மேய்ப்பர்களும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். தங்கள் ஆட்களைக் கூட்டிவரவில்லை. ஃபாதர் கழுத்தில் ஸ்தோலா என்ற பூசைப் பட்டையும் கையில் தீர்த்தச் செம்புமாக வந்தார். பாஸ்டர் ஒலிவ எண்ணெயும் கஞ்சிராவும் கொண்டுவந்தார். ஆயர் மட்டும், "பேய்னு ஒண்ணு கெடையாது. எல்லாம் மனப்பிராந்தி," என்று சொல்லிக்கொண்டே பெரிய டார்ச்சோடு வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அப்ப உள்ள வந்து நில்லுங்களேன் ஐயா," என்றார் பாஸ்டர்.

"எனக்குப் பிரஷர் இருக்குது. ஏதாவதுன்னா கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வாசப்படிதான் வசதி."

பெரியவர் வரவில்லை. அவர் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே மேகம் கட்டிக்கொண்டு, பொழுது நேரத்துக்கு முன்பே மங்கியது. காற்று ஒருமுறை சுற்றியடித்தது. கதவுகள் சாத்திக்கொண்டன. கரண்ட் போனது. ஆயரின் டார்ச் எரியவில்லை.

அப்போது இருட்டுக்குள் பிரம்பு நாற்காலி மெதுவாகக் கிறீச்சிட்டது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

நான்கு பேரும் எப்படி ஒன்றாகக் கட்டிக்கொண்டார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. ஃபாதர் நடுங்கும் குரலில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் ஃபாதர் நிற்கவே இல்லை. 'ராஜ்யமும் வல்லமையும்' என்று மற்றவர்களைவிடச் சத்தமாகப் போனார். பாஸ்டர் தன்னையறியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஜெபத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாத ஆயர் இரண்டு கையையும் தூக்கி, "அல்லேலூயா! அல்லேலூயா!" என்று அலறினார். சில நூறு வருஷமாக நடக்காதது அந்தக் கூடத்தில் ஒரு நொடியில் நடந்தது. தனிஸ்லாஸுக்குப் பயத்திலும் கண்ணில் நீர் வந்தது.

தனிஸ்லாஸ் தீப்பெட்டியைத் தடவியெடுத்து மெழுகுவர்த்தி ஏற்றினார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"சாமி, ஒரே வழிதான் இருக்குது," என்றார். "அந்தப் படம் இந்த வீட்டு மிசியே படமாத்தான் இருக்கும். திருப்பிப் பாத்துடுவோம். அவரா, இல்லையான்னு தெரிஞ்சுடும்."

தேக்குச் சட்டம் கனம். ஒருவரால் ஆகாது. ஃபாதர் ஒரு பக்கம், ஆயர் ஒரு பக்கம், பாஸ்டர் கீழே தாங்கிக்கொள்ள, மூன்று பேரும் சேர்ந்து தூக்கித் திருப்பினார்கள். பாஸ்டர் தன் துண்டாலேயே தூசியைத் துடைத்தார். தனிஸ்லாஸ் மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்தார்.

பட்டாளத்துத் தொப்பி. மார்பில் மெடல். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட கொம்பு மீசை. மழுமழுவென்று மோவாய், தாடியே இல்லை. அகல முகம். வேற்று மனுஷர்.

"அவரில்ல!" என்று தனிஸ்லாஸ் கூவினார். "நம்ம பெரியவர் இவரில்ல!"

"நான்தான் சொன்னேனே, மனப்பிராந்தின்னு," என்றார் ஆயர்.

"உள்ள வரலாமா?" என்றது கதவோரம் ஒரு குரல்.

நான்கு பேரும் அலறியதில் உத்தரத்து வௌவால்கள் கிளம்பிவிட்டன. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டைப் பெரியவர் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க, இன்னிக்கு லேட்டாயிடுச்சு," என்றார். "பேத்தி ஸமீஹாவுக்குக் காய்ச்சல்."

தனிஸ்லாஸ் தான் போட்ட சட்டத்தைத் தானே தூக்கிக் கடாசினார். "ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன். நீங்க யாரு? எந்தச் சபை?"

பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். "நானு ஜெய்னுலாபுதீன். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாடி கல்லு செதுக்கற பட்டறை நம்மளுதுதான். உங்க மூணு பேரு சபைக்கும் சிலுவை, வாசகம் எல்லாம் நான்தான் வெட்டித் தர்றேன். உங்க ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க."

"பாயா?" என்று மூன்று மேய்ப்பர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அது அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம்.

"இந்த வீட்டுக்காரரு மகன் பாரீசுலேருந்து போன் பண்ணாரு. அப்பா கல்லுல வாசகம் வெட்டணும், ஃபாதரும் ஆயரும் அங்க கூடறாங்க, ரெண்டு பேரும் என்னா சொல்றாங்களோ அதை வெட்டுன்னாரு. வந்து பாத்தா சண்டை நடக்குது. நடுவுல கேக்கறது மரியாதையில்லன்னு உக்காந்தேன். அடுத்த வாரம் வந்தேன். அப்பவும் சண்டை. என்னிக்கு முடியுதோ அன்னிக்குக் கேப்போம்னு வந்துக்கிட்டே இருக்கேன்."

"பொழுது சாய மாயமா மறைஞ்சுடுவீங்களே?"

"மஃரிப் தொழுகைக்குப் போவ வேணாமா சார்? பட்டறைக்குப் பக்கத்துலதான் பள்ளிவாசல். தொழுதுட்டு வந்து கொஞ்ச நேரம் வேலை."

"கையை ஏந்தினது?"

"நீங்க எல்லாம் துஆ கேக்கறீங்க. நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

முதலில் சிரித்தது பாஸ்டர். பிறகு ஃபாதர். பிறகு ஆயர், பிரஷரையும் மறந்து. கரண்ட் வந்தது. கூடம் பளிச்சென்று ஆனது. மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் ஃபாதரின் முகம் மாறியது. "நாம சண்டை போட்டதுல ஒரு மனுஷர் பேரில்லாம படுத்திருக்காரு, ஐயா."

"தப்புதான்," என்றார் ஆயர். "அவர் பேரையும் சம்சாரம் பேரையும் சேத்து வெட்டுங்க பாய். கீழ, 'கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்கள்'னு போடுங்க. சரிதானே ஃபாதர்?"

"சரிதான்," என்றார் ஃபாதர். பாஸ்டர் ஆமென் என்றார்.

ஆயர் அதோடு நிற்கவில்லை. தனிஸ்லாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா சம்மந்தி, நாள் குறிக்கலாமா?" என்றார். சம்மந்தி என்று அவர் வாயால் கூப்பிடுவது இதுதான் முதல்முறை. தனிஸ்லாஸ் சட்டைப் பையில் போனைத் தேடினார். உடனே ஜூலிக்குப் போன் செய்தார். மறுமுனையில் அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

நிம்மதியாக ஃபிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் காபி ஊற்றினார் தனிஸ்லாஸ். பெரியவருக்கும் ஒன்று நீட்டினார்.

"எனக்கு வேணாம் சார். நான் சுகர்காரன். காபியைத் தொடறதே இல்ல."

"அப்ப வாராவாரம் கப்பு எப்படி பாய் காலியாச்சு?"

"பக்கத்துல இருக்கிறவருக்குக் குடுத்துடுவேன். ஆசையாக் குடிப்பாரு."

ஃபாதரின் கையில் கப் அந்தரத்தில் நின்றது.

"பாய்," என்றார் தனிஸ்லாஸ். "கரண்ட் போவும்னு சொன்னீங்களே. ஹார்மோனியத்துல எலின்னு சொன்னீங்களே. அப்புறம் கடைசில 'ஃபினி'ன்னு..."

"ஃபினின்னா என்னா சார் அர்த்தம்? நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார் ஜெய்னுலாபுதீன். அப்போதுதான் அவர் பார்வை சுவரில் புதிதாகத் திருப்பிவைத்த படத்துக்குப் போனது. அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதோ இருக்காரே! இவருதான் பக்கத்துல உக்காந்து காதுல சொல்வாரு, எனக்குத் தொண்டை எழும்பல, நீ சத்தமாச் சொல்லுன்னு. எந்தச் சபைன்னு மட்டும் நான் கேக்கல சார், கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருந்தீங்க?"